மக்கள் நேரடியாகச் சட்டமியற்றும் உரிமை: கலிபோர்னிய நடைமுறையும் சுவிட்சர்லாந்து ஒப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

சட்டமன்றத்தின் துணையின்றிக் குடிமக்களே சட்டத்தை முன்மொழிந்து வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றிக்கொள்ளும் முறை, அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில் 1911ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அம்மாநிலத்திற்கு முன்மாதிரியாக இருந்த சுவிட்சர்லாந்தில் இவ்வுரிமை வேறொரு வடிவில் வளர்ந்துள்ளது. இவ்விரு நடைமுறைகளின் தோற்றம், செயல்படும் விதம், பணத்தின் பங்கு, சட்டமன்றத்துடனான உறவு, சிறுபான்மையினர் உரிமைகளின் மீதான விளைவு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நேரடி மக்களாட்சி நல்லதா தீயதா என்னும் பொதுவினாவைவிட, அவ்வுரிமை எத்தகைய விதிகளுக்குள் அமைக்கப்பட்டுள்ளது என்பதே விளைவுகளைத் தீர்மானிக்கிறது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நேரடி மக்களாட்சி, மக்கள் முன்னெடுப்பு, பொது வாக்கெடுப்பு, கலிபோர்னியா, சுவிட்சர்லாந்து, முன்மொழிவு 13, சிறுபான்மையினர் உரிமை.

முன்னுரை

2020ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள், குடியரசுத்தலைவரைத் தேர்ந்தெடுத்த அதே வாக்குச்சீட்டில் பன்னிரண்டு முன்மொழிவுகளுக்கும் விடையளித்தனர். வணிகச் சொத்துகளின் வரி, செயலிவழி வாடகைக்கார் ஓட்டுநர்களின் பணிநிலை, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளுதல் முதலியவை அவற்றுள் அடங்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு சட்டமன்றம் பல மாதங்கள் விவாதித்து முடிவு செய்யக்கூடிய பொருள்களாகும். வாக்காளரோ இவற்றை 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் ஒற்றைச் சொல்லால் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இறைமை மக்களுடையது என்பதை ஏறத்தாழ எல்லா அரசமைப்புச் சட்டங்களும் ஏற்கின்றன. ஆயின் அவ்விறைமையை மக்கள் தேர்தல் நாளன்று பிரதிநிதிகளிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்வதா, ஒரு பகுதியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. தம்மிடம் வைத்துக்கொண்ட பகுதி நடைமுறையில் உண்மையிலேயே மக்களிடம் இருக்கிறதா என்பது இக்கட்டுரையின் மையவினாவாகும்.

சொற்களும் பொருள்வேறுபாடும்

தமிழில் இத்துறைச் சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. தமிழக வழக்கில் 'பொது வாக்கெடுப்பு' என்றும், இலங்கை வழக்கில் 'மக்கள் தீர்ப்பு', 'சர்வசன வாக்கெடுப்பு' என்றும் வழங்கும் சொற்கள், தம்முள் வேறுபட்ட பல நடைமுறைகளை ஒருங்கே சுட்டுகின்றன. இக்கட்டுரை மூன்றைப் பிரித்துக் காண்கிறது. குடிமக்கள் தாமே ஒரு சட்ட வரைவை எழுதிக் கையொப்பம் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவது 'மக்கள் முன்னெடுப்பு'. சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தைக் கையொப்பம் திரட்டித் தடுத்து வாக்கெடுப்புக்கு இழுப்பது 'எதிர்ப்பு வாக்கெடுப்பு'. அரசமைப்புத் திருத்தம் போன்றவற்றிற்கு விதிப்படி நடத்தியே ஆகவேண்டியது 'கட்டாய வாக்கெடுப்பு'.

இம்மூன்றிலும் சேராத நான்காவது வகையும் உண்டு. அது ஆட்சியாளர் தமக்கு வேண்டிய நேரத்தில், தாமே எழுதிய வினாவுக்கு மக்களிடம் ஒப்புதல் கேட்பது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான எடுத்துக்காட்டு, இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று நடந்த வாக்கெடுப்பு. பொதுத்தேர்தலை நடத்தாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீட்டிக்க ஜே. ஆர். ஜெயவர்தனாவின் அரசு ஒப்புதல் கேட்டது. விளக்குச் சின்னம் 'ஆம்' என்பதற்கும், பானைச் சின்னம் 'இல்லை' என்பதற்கும் அளிக்கப்பட்டன. 54 விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்டோர் ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தது. மக்கள் வாக்கைக் கொண்டே மக்கள் வாக்குரிமை ஒத்திவைக்கப்பட்ட நிகழ்வு இது. புதுச்சேரியின் இணைப்பை முடிவு செய்த 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பும் பொது வாக்கெடுப்பு என்றே நூல்களில் குறிக்கப்படுகிறது. ஆனால் அதில் வாக்களித்தோர் 178 மக்கள் பிரதிநிதிகளே. அவர்களுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். ஒரே சொல் எத்தனை வேறுபட்ட நிகழ்வுகளைச் சுமக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள். குடிமக்களின் கையில் தொடக்கம் இருக்கும் முதலிரண்டு வகைகளே இனி ஆராயப்படுகின்றன.

1911ஆம் ஆண்டின் திருத்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கலிபோர்னிய அரசியல், சதர்ன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தின் பிடியில் இருந்தது. சரக்குக் கட்டணம் முதல் சட்டமன்ற வேட்பாளர் தேர்வு வரை அந்நிறுவனத்தின் செல்வாக்கு நீண்டது. பிரதிநிதிகளை விலைக்கு வாங்க முடியும். மக்கள் அனைவரையும் வாங்க முடியாது என்னும் எளிய கணக்கே சீர்திருத்தவாதிகளின் வாதமாக இருந்தது. பின்னாளில் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இக்கணக்கின் இரண்டாம் பகுதி அத்துணை எளிதன்று.

இவர்களுக்கு வழிகாட்டியது சுவிட்சர்லாந்து. அந்நாட்டுக்குச் சென்று அதன் நடைமுறையை நேரில் கண்ட ஜே. டபிள்யூ. சலிவன் என்னும் இதழாளர் 1890களின் தொடக்கத்தில் வெளியிட்ட நூல் அமெரிக்கத் தொழிலாளர், உழவர் இயக்கங்களில் பரவலாகப் படிக்கப்பட்டது. தெற்கு டகோட்டா மாநிலம் 1898இலும், ஒரிகன் 1902இலும் மக்கள் முன்னெடுப்பை ஏற்றன. கலிபோர்னியாவில் மருத்துவர் ஜான் ராண்டால்ஃப் ஹெய்ன்சின் முயற்சியால் 1903இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரச் சாசனத்தில் இவ்வுரிமைகள் இடம்பெற்றன. இருப்புப்பாதை நிறுவனத்தை அரசியலிலிருந்து வெளியேற்றுவதாக உறுதியளித்து, தொடர்வண்டியைத் தவிர்த்து மோட்டார் வாகனத்திலேயே பரப்புரை செய்த ஹைரம் ஜான்சன் 1910இல் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் முன்னெடுப்பு, எதிர்ப்பு வாக்கெடுப்பு, பதவியிலிருந்து மீளழைத்தல் ஆகிய மூன்றும் அரசமைப்பில் சேர்க்கப்பட்டன. பெண்களுக்கு வாக்குரிமை அளித்த திருத்தமும் அதே நாளில் மிகக் குறுகிய வேறுபாட்டில் வென்றது.

இத்தகைய முறை அமெரிக்க அரசமைப்பு உறுதியளிக்கும் 'குடியரசு வடிவிலான ஆட்சி'க்கு முரணானதா என்னும் வினா விரைவில் எழுந்தது. ஒரிகன் மாநிலத்திற்கும் ஒரு தொலைபேசி நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில், அது நீதிமன்றம் முடிவு செய்யக்கூடிய வினா அன்று, அரசியல் வினா என 1912இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

ஒரு முன்மொழிவின் பயணம்

கலிபோர்னியாவில் முன்னெடுப்பைத் தொடங்க விரும்புவோர் சட்ட வரைவை மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் அளித்து 2,000 டாலர் கட்ட வேண்டும்; 2015ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் இது 200 டாலராக இருந்தது. தலைமை வழக்கறிஞர் அதற்குத் தலைப்பும் சுருக்கமும் எழுதுவார். வாக்காளர்களுள் பலர் படிப்பது இச்சுருக்கத்தை மட்டுமே என்பதால், கட்சி சார்ந்து தேர்ந்தெடுக்கப்படும் ஓர் அதிகாரி அதை எழுதுவது நீண்டகாலக் குறையாகச் சுட்டப்படுகிறது. அடுத்து 180 நாள்களுக்குள் கையொப்பங்கள் திரட்டப்பட வேண்டும். முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் சாதாரணச் சட்டத்திற்கு 5 விழுக்காடும், அரசமைப்புத் திருத்தத்திற்கு 8 விழுக்காடும் தேவை. 2022ஆம் ஆண்டுத் தேர்தலை அடிப்படையாகக் கொண்டால் இவை முறையே 5,46,651 மற்றும் 8,74,641 கையொப்பங்கள். எதிர்ப்பு வாக்கெடுப்புக்கும் 5 விழுக்காடே. ஆயின் சட்டம் நிறைவேறிய 90 நாள்களுக்குள் திரட்ட வேண்டும்.

கையொப்பங்கள் முதலில் மாதிரி முறையில் சரிபார்க்கப்படுகின்றன. தேவையான எண்ணிக்கையில் 110 விழுக்காட்டிற்கு மேல் செல்லுபடியானவை என மதிப்பிடப்பட்டால் முன்மொழிவு தகுதிபெறும். 95 விழுக்காட்டிற்குக் கீழ் எனில் தோற்கும். இடைப்பட்டால் ஒவ்வொன்றும் சரிபார்க்கப்படும். தகுதிபெற்ற முன்மொழிவின் முழு வாசகமும், நிதி விளைவு பற்றிய ஆய்வும், இருதரப்பு வாதங்களும் அடங்கிய அரசுக் கையேடு வாக்காளர்களுக்கு அனுப்பப்படுகிறது. தனிப்பெரும்பான்மை கிடைத்தால் சட்டமாகும். ஆளுநருக்கு மறுப்பாணை உரிமை இல்லை.

இவ்விதிகளுள் ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. முன்னெடுப்பின் வழி வந்த சட்டத்தை, அச்சட்டமே அனுமதித்தாலன்றி, சட்டமன்றம் மக்கள் ஒப்புதலின்றித் திருத்த இயலாது. பிழை இருப்பினும், காலம் மாறினும் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு தேவை. 1911ஆம் ஆண்டு அமைப்பில் மற்றொரு வழியும் இருந்தது. கையொப்பம் பெற்ற வரைவு முதலில் சட்டமன்றத்திற்குச் சென்று, அங்கு ஏற்கப்படாவிட்டால் மட்டுமே வாக்கெடுப்புக்கு வரும் மறைமுக முன்னெடுப்பு அது. மிகச் சிலரே பயன்படுத்திய அவ்வழி 1966இல் நீக்கப்பட்டது. சட்டமன்றமும் மக்களும் ஒரே வரைவைப் பற்றிப் பேசிக்கொள்ளக்கூடிய வாயில் அத்துடன் மூடப்பட்டது.

முன்மொழிவு 13

கலிபோர்னிய அனுபவத்தில் 1978 ஜூன் 6 அன்று ஏறத்தாழ 65 விழுக்காட்டு வாக்குகளுடன் நிறைவேறிய முன்மொழிவு 13க்கு இணையான தாக்கம் வேறெதற்கும் இல்லை எனலாம்.

1970களில் அம்மாநிலத்தில் வீட்டு விலைகள் வேகமாக உயர்ந்தன. சந்தை விலையை ஒட்டி மதிப்பீடு செய்யப்பட்டதால் சொத்துவரியும் உடன் உயர்ந்தது. வருமானம் உயராத ஓய்வூதியர்கள், வீட்டின் விலை ஏறியதனாலேயே வீட்டை விற்க வேண்டிய நிலையை அஞ்சினர். மாநிலக் கருவூலத்தில் பெரும் உபரி குவிந்திருந்தும் சட்டமன்றம் நிவாரணத்தைப் பற்றி உடன்பாடு காண இயலாமல் ஆண்டுகளைக் கழித்தது. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் ஆகிய இருவரும் முன்னெடுத்த வரைவுக்கு 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்கள் குவிந்தன. மக்களின் குறை உண்மையானது என்பதையும், பிரதிநிதிகள் அதைத் தீர்க்கத் தவறினர் என்பதையும் இம்முன்மொழிவின் கடுமையான திறனாய்வாளர்களும் மறுப்பதில்லை.

அது விதித்தவை சில வரிகளில் அடங்குவன. சொத்துவரி, மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மதிப்பு 1975–76ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும். ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கு மேல் மதிப்பு உயரக்கூடாது. கைமாறும்போது மட்டுமே சந்தை விலைக்கு மறுமதிப்பீடு செய்யப்படும். மாநில வரிகளை உயர்த்தச் சட்டமன்றத்தின் ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் ஆதரிக்க வேண்டும்.

உள்ளாட்சிகளின் சொத்துவரி வருவாய் உடனடியாகப் பாதிக்கும் மேல் சரிந்தது. பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் மாநில அரசு நிதியளிக்கத் தொடங்க, முடிவெடுக்கும் அதிகாரமும் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்கு இடம்பெயர்ந்தது. வரியைக் குறைக்க வாக்களித்த மக்கள், தம் ஊரின் பள்ளியைத் தாமே நடத்தும் அதிகாரத்தையும் அதே வாக்கால் கைவிட்டனர் என்பது அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்பது விவாதத்திற்குரியது.

நீண்டகால விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். 1975இல் ஒரு இலட்சம் டாலர் மதிப்புடைய வீட்டை அதே குடும்பம் ஐம்பது ஆண்டுகள் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்ந்தாலும் அதன் வரிமதிப்பு ஏறத்தாழ 2,69,000 டாலரே. அடிப்படை வரி 2,690 டாலர். அதற்கு அடுத்துள்ள, எல்லா வகையிலும் ஒத்த வீட்டை இன்று பத்து இலட்சம் டாலருக்கு வாங்கும் இளங்குடும்பம் 10,000 டாலர் கட்டும். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே தீயணைப்பு நிலையம். வரி மட்டும் ஏறத்தாழ நான்கு மடங்கு. இத்தகைய வேறுபாட்டை எதிர்த்து, 1988இல் லாஸ் ஏஞ்சல்சில் வீடு வாங்கிய ஒருவர் தொடுத்த 'நார்ட்லிங்கர் எதிர் ஹான்' வழக்கில், அண்டை வீட்டாரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி கட்டுவதாக அவர் எடுத்துக்காட்டினார். குடியிருப்பு நிலைத்தன்மையைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கதே எனக் கூறி அமெரிக்க உச்சநீதிமன்றம் 1992இல் சட்டத்தை நிலைநிறுத்தியது.

வீட்டுரிமையாளரைக் காக்க எழுந்த இவ்வரம்பு, அரிதாகவே கைமாறும் வணிகச் சொத்துகளுக்கும் பொருந்துகிறது. வணிகச் சொத்துகளை மட்டும் சந்தை விலைக்கு மதிப்பிடக் கோரிய முன்மொழிவு 15, 2020இல் 52 விழுக்காட்டினரின் எதிர்ப்பால் தோற்றது. சட்டமன்றம் இயற்றிய வரிச்சட்டமாக இருந்திருப்பின் 1980களிலேயே பலமுறை திருத்தப்பட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு.

பணத்தின் பங்கு

கையொப்பம் திரட்டுவது இன்று ஒரு தொழில். ஒரு கையொப்பத்திற்கு இவ்வளவு எனப் பேசி, கடைவாயில்களில் நின்று திரட்டித்தரும் நிறுவனங்கள் உள்ளன. கூலிக்குக் கையொப்பம் திரட்டுவதைக் கொலராடோ மாநிலம் தடைசெய்திருந்தது. அது கருத்துரிமைக்கு முரண் என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1988இல் 'மேயர் எதிர் கிராண்ட்' வழக்கில் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்புப் பரப்புரையில் நிறுவனங்கள் செலவிடுவதைத் தடுக்க முடியாது என அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. எனவே தகுதிபெறும் எண்ணிக்கை, மக்கள் ஆதரவின் அளவாக இல்லாமல் முதலீட்டின் அளவாக மாறிவிட்டது என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

2020இல் நிறைவேறிய முன்மொழிவு 22 இதற்குத் தெளிவான சான்று. செயலிவழி ஓட்டுநர்களைப் பணியாளர்களாகக் கருதும் வகையில் சட்டமன்றம் 2019இல் சட்டம் இயற்றியது. ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, அவ்வோட்டுநர்களைத் தனித்த ஒப்பந்தக்காரர்களாகவே கொள்ளும் முன்மொழிவை ஏறத்தாழ 59 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேற்றிக்கொண்டன. அதைத் திருத்தச் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்னும் விதியும் வரைவிலேயே எழுதப்பட்டிருந்தது. கலிபோர்னிய உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் இச்சட்டம் செல்லும் என்றது. இருப்புப்பாதை நிறுவனத்திற்கு எதிராக வார்க்கப்பட்ட கருவி, நூறாண்டு கழித்து மற்றொரு போக்குவரத்துத் தொழிலின் கையில் இருப்பது வரலாற்றின் வேடிக்கை.

எதிர்ப்பு வாக்கெடுப்பு, தோற்றாலும் பயன்தரும் கருவி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளைத் தடைசெய்த 2014ஆம் ஆண்டுச் சட்டம் 2015 ஜூலையில் நடைமுறைக்கு வரவேண்டியது. நெகிழித் தொழில்துறை கையொப்பம் திரட்டியவுடன் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2016 நவம்பரில் வாக்காளர்கள் சட்டத்தை ஆதரித்த பின்னரே தடை வந்தது. நறுமணமூட்டிய புகையிலைப் பொருள்களைத் தடைசெய்த 2020ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வாறே 2022 வரை நின்றது. வாக்கெடுப்பில் தோற்பது உறுதி எனினும் இடைப்பட்ட விற்பனை நாள்களே போதுமான ஆதாயம்.

எனினும் பணம் வாக்கை வாங்கிவிடுகிறது என்று பொதுமைப்படுத்துவது பிழையாகும். 2022இல் விளையாட்டுச் சூதாட்டத்தை அனுமதிக்கக் கோரிய இரு போட்டி முன்மொழிவுகளுக்காகச் செலவான தொகை 40 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டும் படுதோல்வி அடைந்தன. வணிக நலன்கள் பிறருடைய முன்மொழிவைத் தடுப்பதில் வல்லவை, தம்முடையதை நிறைவேற்றுவதில் அத்துணை வல்லவை அல்ல என்பது எலிசபெத் கெர்பர் 1999இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. முன்மொழிவு 22 அம்முடிவுக்கு ஒரு விலக்கு எனலாம்.

வாக்காளரின் அறிவுநிலை பற்றிய வாதத்திலும் இத்தகைய எச்சரிக்கை தேவை. 1988இல் காப்பீட்டுச் சீர்திருத்தம் குறித்து ஐந்து முன்மொழிவுகள் ஒரே வாக்குச்சீட்டில் நின்றன. காப்பீட்டுத் தொழில்துறை பெரும்பணம் செலவிட்டும் அது எதிர்த்த முன்மொழிவு 103 மட்டுமே வென்றது. அத்தேர்தலை ஆராய்ந்த ஆர்தர் லூபியா, வரைவுகளின் நுணுக்கத்தை அறியாத வாக்காளரும், காப்பீட்டு நிறுவனங்கள் எதை ஆதரிக்கின்றன என்பதை மட்டும் அறிந்திருந்தால், நன்கு கற்றறிந்தோரைப் போன்றே வாக்களித்தனர் எனக் காட்டினார். எனவே வாக்காளருக்குத் தேவையானது சட்டக்கல்வியன்று. பணம் யாருடையது என்னும் செய்தி. முன்னணிக் குழுக்களின் பெயரில் நன்கொடையாளர் மறைந்துகொள்வது இதனாலேயே சிறு குற்றமன்று.

சுவிட்சர்லாந்தின் வேறுபாடு

சுவிட்சர்லாந்தில் அரசமைப்புத் திருத்தத்திற்கான கட்டாய வாக்கெடுப்பு 1848 முதலும், எதிர்ப்பு வாக்கெடுப்பு 1874 முதலும், பகுதித் திருத்தத்திற்கான மக்கள் முன்னெடுப்பு 1891 முதலும் நிலவுகின்றன. இன்று எதிர்ப்பு வாக்கெடுப்புக்கு 100 நாள்களில் 50,000 கையொப்பங்களும், முன்னெடுப்புக்கு 18 மாதங்களில் 1,00,000 கையொப்பங்களும் வேண்டும். முன்னெடுப்பு வெல்ல, மொத்த வாக்காளரின் பெரும்பான்மையோடு கன்டோன் எனப்படும் மாநிலங்களின் பெரும்பான்மையும் தேவை. பன்னாட்டு நிறுவனங்களின் பொறுப்பை வலியுறுத்திய முன்னெடுப்பு 2020 நவம்பரில் 50.7 விழுக்காட்டு வாக்கைப் பெற்றும், கன்டோன்களில் பெரும்பான்மை இன்றி வீழ்ந்தது.

கலிபோர்னியாவிலிருந்து இதனை வேறுபடுத்துவது கையொப்ப எண்ணிக்கையன்று. நாடாளுமன்றத்திற்கு உரிய இடமே. சுவிஸ் முன்னெடுப்பு நேரே வாக்குச்சாவடிக்குச் செல்வதில்லை. அரசும் நாடாளுமன்றமும் அதை விவாதித்துப் பரிந்துரை வழங்குகின்றன. மாற்று வரைவையும் முன்வைக்கலாம். 1987 முதல் வாக்காளர் முன்னெடுப்பு, மாற்று வரைவு இரண்டையும் ஆதரித்து, இரண்டும் வென்றால் எது வேண்டும் எனத் தனியே குறிக்கலாம். இச்செயல்முறை ஆண்டுக்கணக்கில் நீளும். நாடாளுமன்றத்தின் மாற்று வரைவில் நிறைவடைந்து முன்னெடுப்பாளர்கள் விலகிக்கொள்வதும் வழக்கம். பனிப்பாறைகளைக் காக்கும் காலநிலை முன்னெடுப்பு இவ்வாறு விலக்கிக்கொள்ளப்பட, அதற்கு ஈடாக நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதிர்ப்பு வாக்கெடுப்பைச் சந்தித்து 2023 ஜூன் 18 அன்று 59 விழுக்காட்டு ஆதரவுடன் நிலைபெற்றது. ஒரே பொருள் குடிமக்கள், நாடாளுமன்றம், எதிர்ப்பாளர், மீண்டும் குடிமக்கள் என நான்கு கைகளைக் கடந்தது.

எதிர்ப்பு வாக்கெடுப்பின் அச்சமே சுவிஸ் கட்சிகளை முன்கூட்டியே இணக்கம் காணத் தூண்டுகிறது என்று லியோன்ஹார்ட் நைட்ஹார்ட் 1970இல் விளக்கினார். வாக்கெடுப்பில் தடுக்கும் வல்லமையுடைய ஒவ்வொரு தரப்பும் வரைவுநிலையிலேயே கலந்துகொள்ளப்படுகிறது என்பது அவர் வாதம்.

கலிபோர்னியா இத்திசையில் 2014இல் ஓரடி எடுத்துவைத்தது. கால்பங்கு கையொப்பம் சேர்ந்தவுடன் சட்டமன்றக் குழு கருத்துக்கேட்பு நடத்தவும், தேர்தலுக்கு 131 நாள்கள் முன்புவரை முன்மொழிவைத் திரும்பப்பெறவும் அச்சட்டம் வழிசெய்தது. விளைவு இருவகையாக இருந்தது. 2018 ஜூனில் நுகர்வோர் தனியுரிமைக்கான முன்மொழிவு திரும்பப்பெறப்பட்டு, அதற்கு ஈடாகச் சட்டமன்றம் விரிவான தனியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே நாள்களில் குளிர்பானத் தொழில்துறை, உள்ளாட்சி வரிகள் அனைத்தையும் நெருக்கக்கூடிய ஒரு முன்மொழிவைத் திரும்பப்பெற்று, இனிப்பூட்டிய பானங்களின் மீது புதிய உள்ளாட்சி வரி விதிக்கப் பல ஆண்டுத் தடையைப் பெற்றுக்கொண்டது. முன்னது பேச்சுவார்த்தை, பின்னதை மிரட்டல் என்றே பல சட்டமன்ற உறுப்பினர்கள் கருதினர். விதி இரண்டுக்கும் ஒன்றே.

பெரும்பான்மையும் வாக்குச்சீட்டில் இல்லாதோரும்

நேரடிச் சட்டமியற்றலில் மிகக் கடினமான வினா சிறுபான்மையினர் பற்றியது. சுவிட்சர்லாந்தில் முன்னெடுப்புரிமை வந்தபின் முதன்முதலில் வாக்கெடுப்புக்கு வந்து வென்றது, 1893 ஆகஸ்டு 20 அன்று, விலங்குகளை மயக்கமுறச் செய்யாமல் அறுப்பதைத் தடைசெய்த முன்னெடுப்பு. விலங்குநேயத்தோடு யூதவெறுப்பும் அதில் கலந்திருந்தது. யூதர்களின் சமயமுறை அறுப்பே அதன் இலக்கு. 2009 நவம்பர் 29 அன்று, அரசும் நாடாளுமன்றமும் எதிர்த்தும், பள்ளிவாசல்களில் புதிய தூபிகள் எழுப்புவதை 57.5 விழுக்காட்டினர் தடைசெய்தனர். கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை 1959இல் மூன்றில் இரு பங்கு ஆண்கள் மறுத்தனர், 1971இல்தான் ஏற்றனர். வாக்குரிமை இல்லாதோரின் உரிமையை வாக்குரிமை உடையோரே முடிவு செய்வது இம்முறையின் உள்ளார்ந்த இடர்.

கலிபோர்னியாவிலும் வரலாறு இதையொத்ததே. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப்பாகுபாட்டைத் தடுத்த 1963ஆம் ஆண்டுச் சட்டத்தை, 1964இல் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முன்மொழிவு 14 வாயிலாகச் செயலிழக்கச் செய்தனர். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1967இல் அதைச் செல்லாததாக்கியது. ஆவணமற்ற குடியேறிகளுக்குக் கல்வி, மருத்துவம் முதலியவற்றை மறுத்த 1994ஆம் ஆண்டின் முன்மொழிவு 187 கூட்டாட்சி நீதிமன்றத்தில் முடங்கியது. ஒருபால் திருமணத்தை மறுத்த 2008ஆம் ஆண்டின் முன்மொழிவு 8, நீதிமன்றத் தீர்ப்புகளால் 2013இல் முடிவுக்கு வந்தது. அவ்வழக்கில் மாநில அதிகாரிகள் சட்டத்தைக் காக்க மறுக்க, முன்மொழிந்தோருக்கு மேல்முறையீடு செய்யும் தகுதி இல்லை என உச்சநீதிமன்றம் கூறியது. மக்கள் இயற்றிய சட்டத்திற்கு நீதிமன்றத்தில் யார் பேசுவது என்னும் வினா அதனால் விடையின்றி நிற்கிறது. செயலற்றுக் கிடந்த அதன் வாசகத்தை 2024இல் வாக்காளர்களே அரசமைப்பிலிருந்து நீக்கினர்.

ஆய்வுலகில் ஒருமித்த முடிவு இல்லை. டெரிக் பெல் 1978இலேயே வாக்கெடுப்பை இனச் சமத்துவத்திற்கான தடையாகக் கண்டார். குடியுரிமைகளைக் குறைக்கும் முன்மொழிவுகள் பிறவற்றைவிட எளிதில் வெல்கின்றன எனப் பார்பரா கேம்பிள் 1997இல் வாதிட்டார். டோனவன், பௌலர் இருவரும் அம்முடிவு வட்டாரத்தின் அளவைப் பொறுத்தது என மறுத்தனர். சுவிட்சர்லாந்துத் தரவுகளை ஆராய்ந்த ஃபிரை, கோட்டே இருவரும் மாறான முடிவுக்கே வந்தனர். இருப்பினும் இரு நாடுகளுக்கிடையே ஓர் அமைப்புவேறுபாடு தெளிவு. கலிபோர்னிய முன்மொழிவுக்கு மேலே கூட்டாட்சி அரசமைப்பும் அதைக் காக்கும் நீதிமன்றமும் உண்டு. சுவிஸ் முன்னெடுப்பே அரசமைப்பாகிவிடுவதால், பன்னாட்டுச் சட்டத்தின் கட்டாய விதிகளை மீறினாலன்றி அதற்கு உள்நாட்டில் தடை இல்லை.

உள்ளாட்சி அளவில் நிலை வேறு. சுவிட்சர்லாந்தில் வாழ்வோரில் கால்பங்கினருக்கு மேல் குடியுரிமை இல்லாதவர்கள். 1980கள் முதல் அங்குக் குடியேறிய ஈழத்தமிழருள் பலரும் நீண்டகாலம் அந்நிலையில் வாழ்ந்தவர்களே. குடியுரிமை வழங்கும் முடிவு ஊராட்சியிலிருந்தே தொடங்குகிறது. லூசெர்ன் கன்டோனைச் சேர்ந்த எம்மென் என்னும் ஊரில் விண்ணப்பதாரரின் குடும்ப விவரங்கள் அச்சிட்டு வழங்கப்பட்டு, ஒவ்வொருவர் மீதும் மறைவாக்கெடுப்பு நடத்தப்பட்டது. 2000 மார்ச்சில் இத்தாலியர் மட்டும் ஏற்கப்பட்டு, பெரும்பாலும் முன்னாள் யூகோஸ்லாவியப் பகுதியினரான ஏனையோர் மறுக்கப்பட்டனர். குடியுரிமை மறுக்கப்படுவோருக்குக் காரணம் கூறப்பட வேண்டும். மறைவாக்கெடுப்பில் காரணம் கூற இயலாது. ஆகவே அம்முறை அரசமைப்புக்கு முரண் எனக் கூட்டாட்சி உச்சநீதிமன்றம் 2003 ஜூலையில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைச் செயலிழக்கச் செய்து, ஊர்மக்களின் வாக்கே இறுதியானது என அரசமைப்பில் எழுதக் கோரிய முன்னெடுப்பு 2008 ஜூன் 1 அன்று நாடுதழுவிய வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர்.